வடக்கு அறையின் காற்று

மார்ச் 4, திங்கள்

ஏப்ரல் முடியட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். சரி என்றார். அவர் எதற்குத்தான் சரி என்று சொல்லாமல் இருந்திருக்கிறார்.

பேச்சு இதுதான். இந்த வீட்டை விற்றுவிடலாம் என்கிறார் அவர். திருப்பூர்ப் பக்கம் வாடகைக்குப் போய்விடலாமாம், உரக்கடையை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாமாம். நான் மாட்டேன் என்கிறேன். அப்படியானால் ஆளுக்கொரு பக்கமாக இருந்துகொள்வோம் என்பதுவரை வந்துவிட்டோம். பதினாலு வருஷக் குடும்பம் இப்போது என் அளவெடுப்பு முடிவதற்காகக் காத்திருக்கிறது.

என் வேலை கட்டடங்களை அளப்பது. நீள அகலம் இல்லை. ஒரு கட்டடம் எவ்வளவு கரண்ட் தின்கிறது, தின்பதில் எவ்வளவு உடம்பில் ஒட்டுகிறது, எவ்வளவு வீணாகப் போகிறது என்று கணக்குச் சொல்வது. மில், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று ஊரார் கட்டடத்தை எல்லாம் குறை சொல்லிவிட்டு, ஈரோட்டு வெயிலில் ஏ.சி. இல்லாமல் இருக்கும்படி ஒரு வீட்டை நானே வரைந்து கட்டினேன். இரட்டைச் சுவர், நடுவில் இடைவெளி, மொட்டை மாடியில் வெள்ளை ஓடு, மேற்கில் ஜன்னலே கிடையாது. ஆள் குடியிருக்க ஒரு வருஷம் அளந்து காட்டினால் நட்சத்திரம் கொடுப்பார்கள். அந்த வருஷம் ஏப்ரல் முப்பதோடு முடிகிறது.

வாசல் சுவரில் ஐந்து நட்சத்திரத்துக்கு இடம் விட்டிருக்கிறோம். கலர் பென்சிலால் வட்டம் போட்டு இடம் குறித்தது நான் இல்லை.

மார்ச் 5, செவ்வாய்

வடக்கு அறை அமுதினியின் அறை. இதை ஒரு தடவை எழுதித்தான் ஆக வேண்டும், எழுதிவிட்டேன். எங்கள் மகள், ஒன்பது வயது. போன வருஷத்துக்கு முந்தின வருஷ ஐப்பசியில் காய்ச்சல் வந்தது, ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் முடிந்தது. இனி இந்த டைரியில் வடக்கு அறை என்றுதான் வரும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே அந்த அறையின் ஜன்னலைச் சாத்தி, கதவை மூடியவர் அவர்தான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. யார் யாரோ கட்டிக்கொண்டு அழுதார்கள், அவர் அழவில்லை. இன்றுவரை பெயரைச் சொன்னதில்லை. மனுஷனா மரமா என்று எனக்குத் தோன்றாத நாள் இல்லை.

நான் உள்ளே போவது சுவரில் மாட்டிய பெட்டிக்கு பேட்டரி மாற்ற மட்டும். வாசலிலேயே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு போய், மாற்றிவிட்டு, வெளியே வந்துதான் விடுவேன். என் மூச்சு பதிவைக் கெடுத்துவிடும் என்பதற்காக.

இந்தப் பெட்டிகள் புதுசு. சூடும் ஈரமும் மட்டும் போதாது, காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்பதும் பதிவாக வேண்டும் என்று பிப்ரவரியில் சொன்னார்கள். பழைய வெள்ளைப் பெட்டிகளைக் கழற்றிவிட்டுப் புது வெள்ளைப் பெட்டிகளை மாட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "சூடு பாக்கற டப்பாதானே?" என்றார். ஆமாம் என்றேன். விளக்கம் சொல்லும் அளவுக்கு நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

மார்ச் 8, வெள்ளி

மாவு புளித்துவிட்டது. அவருக்குத் தூக்குப்போசியில் புளிச்சாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக் கொடுத்தேன். மத்தியானம் கடையிலேயே சாப்பிட்டுக்கொள்வார்.

பட்டுப்புடவைகளுக்கு வெயில் காட்ட பீரோவைத் திறந்தேன். அடியில் நீல மூடி டப்பா. மூடியை நாலு பக்கமும் அழுத்திப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 11, திங்கள்

புதுப் பெட்டிகளின் பதிவை முதல் தடவையாக இறக்கிப் பார்த்தேன்.

வெளிக்காற்றில் இந்த வாயு நானூற்றுச் சொச்சம் இருக்கும். மூடிய அறையில் ஆள் இருந்து மூச்சு விட விட ஏறும். கூடத்துக் கோடு நாங்கள் எழுந்ததும் ஏறுகிறது, கிளம்பியதும் இறங்குகிறது. வடக்கு அறைக் கோடு எப்போதும் நானூற்றுச் சொச்சத்தில் படுத்துக் கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. மத்தியானம் ஒரு மணி தாண்டியதும் ஏற ஆரம்பிக்கிறது. ஆயிரத்தைத் தொடுகிறது. மூன்று மணிக்கு மேல் மெல்ல இறங்குகிறது. அநேகமாகத் தினமும்.

மூடிய அறைக்குள் யாரோ மூச்சு விடுகிறார்கள் என்று கோடு சொன்னால் பெற்றவளுக்கு என்ன தோன்றுமோ அதுதான் தோன்றியது. அரை நிமிஷம் நான் படித்த படிப்பெல்லாம் என்னை விட்டுப் போய்விட்டது. எழுந்து போய்க் கதவில் காது வைத்துக் கேட்டேன். இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

பிறகு உட்கார்ந்து ஒழுங்காக யோசித்தேன். இந்த வீட்டில் அறைக்கு அறை தனி மீட்டர். வடக்கு அறையில் ஃபேன் பூஜ்யம், லைட் பூஜ்யம். ஈரோட்டில், இந்த மாசத்தில், உச்சிவெயிலில், ஜன்னல் சாத்திய அறையில் ஃபேன் போடாமல் எந்த மனுஷனும் உட்கார மாட்டான். ஆகவே ஆள் இல்லை. ஆகவே பெட்டிதான் கோளாறு.

மார்ச் 12, செவ்வாய்

கூடத்துப் பெட்டியை வடக்கு அறைக்கும், வடக்கு அறைப் பெட்டியைக் கூடத்துக்கும் மாற்றினேன். சாயந்திரம் கீரை ஆய்ந்தேன். பாதி பூச்சி.

மார்ச் 20, புதன்

பெட்டியில் கோளாறு இல்லை. மாற்றி மாட்டியதும் அதையேதான் காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏறவில்லை.

ஞாயிறு என்றதும் பிடிபட்டுவிட்டது. வடக்குப் பக்கம் நாச்சிமுத்து அண்ணனின் விசைத்தறிப் பட்டறை. ஞாயிறு தறி ஓடாது. மற்ற நாளில் மத்தியானம் கரண்ட் போனதும் டீசல் ஜெனரேட்டரைப் போடுவார்கள். அந்தப் புகை எங்கேயோ ஒரு சந்து வழியாக என் வீட்டுக்குள் வருகிறது. இரட்டைச் சுவர் வைத்துக் கட்டிய என் வீட்டில் சந்து. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் நிம்மதியாகவும் இருந்தது. புகை என்றால் புகை, அவ்வளவுதானே.

மார்ச் 22, வெள்ளி

காம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பட்டறை ஆளைக் கூப்பிட்டு, "உங்க ஜெனரேட்டர் பொகை எங்க ஊட்டுக்குள்ள வருது, மொதலாளிகிட்டச் சொல்லுங்க" என்றேன். தறிச் சத்தத்தில் அவனுக்கு என்ன கேட்டதோ, தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

மார்ச் 29, வெள்ளி

வெயில் இப்போதே இப்படி என்றால் சித்திரை எப்படிப் போகுமோ. அவர் சட்டையைத் துவைக்கும்போது பார்த்தேன், முதுகுப் பக்கம் முழுக்க உப்புப் பூத்திருந்தது. முன்பக்கம் அவ்வளவு இல்லை.

"கடையில ஃபேன் ஓடறதில்லீங்களா?" என்று கேட்டேன்.

"ஓடுது."

"அப்புறம் ஏன் சட்டை இப்படி நனையுது?"

"வெயிலுக்கு."

அவ்வளவுதான் பேச்சு. கல்லில் நார் உரிக்கலாம், இவரிடம் ஒரு வார்த்தை உரிக்க முடியாது.

ஏப்ரல் 3, புதன்

மதிப்பீட்டுக் குழுவிலிருந்து சென்னை ஆள் பேசினார். ஹேமச்சந்திரன் என்று பெயர், சின்னப் பையன் குரல். வடக்கு அறைப் பதிவுக்கு எழுத்தில் காரணம் சொல்ல வேண்டுமாம். சொல்ல முடியாவிட்டால் அந்த அறையின் பதிவைத் தள்ளிவிடுவார்கள். தள்ளினால் அறையின் பரப்பையும் கழிப்பார்கள்.

"ஃபேன், லைட் எதுவுமே ஓடலையே மேடம், ரூம் யூஸ்ல இல்லைன்னுதானே எடுத்துக்கணும்?" என்றார்.

பரப்பு குறைந்தால் சதுர அடிக்கு இத்தனை யூனிட் என்கிற கணக்கு ஏறும், ஒரு நட்சத்திரம் போகும். போனால் போகட்டும். ஆனால் வரைபடத்தில் அந்த அறைக்குக் குறுக்கே கோடு போட்டு 'பயன்பாட்டில் இல்லை' என்று எழுதுவார்கள். நானே எத்தனையோ கட்டடத்துக்கு அப்படி எழுதியிருக்கிறேன். இந்த வீட்டில் அதை எழுத விடமாட்டேன். காரணத்தைக் கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். இரண்டு பேருக்குப் பாயசம் வைப்பது எப்படி என்று இன்னும் எனக்குப் பழகவில்லை. மிஞ்சிவிட்டது.

சாப்பிட்டுவிட்டு அவர் கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தார். "ஏதாச்சும் வேணுமுங்களா?" என்றேன். ஒன்றுமில்லை என்றார். கொஞ்சம் கழித்து, "நீ கோயிலுக்குப் போகலியா?" என்றார். போகவில்லை என்றேன். இன்னும் கொஞ்சம் கழித்து, "உங்கம்மாவப் பாத்துட்டு வாரதுன்னா வா, நான் ஊட்டுல இருந்துக்கறன்" என்றார்.

நோம்பி நாளில்கூட நான் எதிரே இருப்பது அவருக்கு ஆகவில்லை. அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். அழுதேன் என்று எழுதினால் தப்பில்லை, எழுதுகிறேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

இன்று நாள் நன்றாகப் போனது. நன்றாகப் போன நாளை எழுதி ரொம்ப நாளாயிற்று.

காங்கேயத்தில் அவர் அக்கா பேத்திக்குக் காதுகுத்து. குழந்தைகள் விசேஷத்துக்கு நான் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் வற்புறுத்தவில்லை. அவர் விடிகாலையே கிளம்பிவிட்டார். அலுவலகத்திலிருந்து ரெஜினா கதவு விசிறியைக் காரில் கொண்டுவந்தாள்.

கதவு விசிறி என்பது வாசல் கதவு முழுக்க அடைக்கிற ஒரு திரை, அதன் நடுவில் பெரிய விசிறி. அதை ஓட்டினால் வீட்டுக் காற்றை எல்லாம் உறிஞ்சி வெளியே தள்ளும். வெளிக்காற்று எந்தெந்தச் சந்தில் நுழைகிறது என்று அப்போது தெரிந்துவிடும். வெளி ஜன்னல்கள் சாத்தியிருக்க வேண்டும், உள்கதவுகள் எல்லாம் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. வடக்கு அறைக் கதவையும் திறந்தேன். அகலத் திறந்தேன்.

சந்து கண்டுபிடிக்கப் புகை வேண்டும். அதற்கென்று கருவி இருக்கிறது, ஆனால் நம்மூரில் ஊதுபத்தியை அடிக்க ஒன்றும் கிடையாது. மல்லிகை வாசனை ஊதுபத்தி ஒரு கட்டு வாங்கி வைத்திருந்தேன். ரெஜினா விசிறியைப் பார்த்துக்கொண்டாள், நான் கட்டாகக் கொளுத்தி அறை அறையாக மூலை மூலையாகப் போனேன். வடக்கு அறையில் அதிக நேரம் நின்றேன். கட்டில் தலைமாட்டுப் பக்கச் சுவரில், பிளக் பாயின்ட்டுக்குள் புகை வளைந்தது. ஒரு மயிரிழைச் சந்து. மக்குப் பசை வைத்து அடைத்தேன். அடைத்தது நின்றதா என்று பார்க்க மறுபடியும் விசிறி, மறுபடியும் ஊதுபத்தி. காலையில் ஆரம்பித்தது மத்தியானம் ஆகிவிட்டது.

விசிறி வேகத்தில் வீட்டுக் காற்று மணிக்கு நாலு முறைதான் முழுசாக மாறுகிறது. நம்மூர் வீடுகளில் இருபது, முப்பது என்று வரும். ரெஜினா கைகொடுத்தாள். பழைய காற்று ஒரு சொட்டு பாக்கி இல்லாமல் போய் வீடே புதுசானது போல் இருக்கிறது என்றாள்.

ஏப்ரல் 22, திங்கள்

சந்துதான் காரணம். இன்று வடக்கு அறைக் கோடு ஒரு மணிக்கு ஏற ஆரம்பித்தது, பத்து நிமிஷத்தில் அப்படியே நின்று இறங்கிவிட்டது. மக்கு இன்னும் முழுசாகக் காயவில்லை போலிருக்கிறது. காரணம் எழுதிவிடலாம்.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டிய சாயந்திரம். அவர் கடையிலிருந்து சீக்கிரமே வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. தூக்குப்போசி அப்படியே கனமாக இருந்தது, சாப்பிடவே இல்லை.

"அந்த ரூமுல ஊதுபத்தி கொளுத்துனியா?"

குரல் வேறு மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் பண்ணினேன், அதற்காக என்றேன்.

"எத்தன நேரம்?"

"காத்தால இருந்து. ஏனுங்க?"

"ஃபேன் வெச்சியா? பெரிய ஃபேனு?"

"வெச்சாத்தான் டெஸ்டு. எதுக்கு இப்பக் கேக்கறீங்க? நீங்கதான் அந்தப் பக்கமே போறதில்லையே."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. ஒன்றரை வருஷமாக வைத்திருந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன். பெத்த புள்ளைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டீங்களா, பேரச் சொன்னீங்களா, அந்த ரூமுக்குள்ள ஒரு நாள் எட்டிப் பாத்தீங்களா, ஊட்ட வித்து அதையும் தொலச்சுத் தலமுழுகலாம்னு பாக்கறீங்க, உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் தெரியாது" என்றார். செருப்போடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். வெயில் என்று நினைத்தேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

காலையில் இரண்டு வேட்டி, நாலு சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு காங்கேயத்துக்கு, அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். கடைச் சாவியைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டாராம்.

"நட்சத்திரம் வரட்டும். ஊட்ட நீயே வெச்சுக்க. இனி எனக்கு இங்க ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். போகட்டும்.

ஏப்ரல் 24, புதன்

வடக்கு அறை: நானூற்றுப் பத்து. நாள் முழுக்க.

ஏப்ரல் 25, வியாழன்

நானூற்றுப் பத்து. மக்கு காய்ந்துவிட்டது. ஒரு டம்ளர் அரிசி போட்டுச் சோறாக்கினேன், அதுவும் மிஞ்சியது.

ஏப்ரல் 27, சனி

கோடு பென்சில் வைத்து இழுத்ததுபோல் நேராக இருக்கிறது. விளக்கக் கடிதம் தயார். 'பக்கத்துக் கட்டட ஜெனரேட்டர் புகை சுவர்ச் சந்து வழியே புகுந்ததால் ஏற்பட்ட பிழை. 21ஆம் தேதி சரிசெய்யப்பட்டது.' அச்சு எடுத்துவிட்டேன். கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

ஏப்ரல் 28, ஞாயிறு

கடிதத்துக்கு ஆதாரமாக ஜெனரேட்டரின் திறன் என்ன என்று ஒரு வரி சேர்க்கலாம் என்று நாச்சிமுத்து அண்ணன் பட்டறைக்குப் போனேன். தறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஜெனரேட்டருங்களா? அத வித்து வருசம் ஒண்ணாச்சுங்க அம்மிணி" என்றார். "கரண்ட் போனா தறிய நிறுத்திப்போட்டுக் கட்டையச் சாச்சுக்கறதுதான். அன்னிக்கே பையன் வந்து சொன்னான், பக்கத்தூட்டம்மா என்னமோ பொகைன்னு சொல்றாங்கன்னு. நமக்குப் புரியல."

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் ஏறவில்லை என்று நான் வாய்விட்டுக் கேட்டேனா, மனசுக்குள் கேட்டேனா தெரியாது. அவர் எண்ணெய்க் கேனை மூடிக்கொண்டே கேட்டார்.

"மாப்பிள்ளை ஊருல இல்லீங்களா? செவ்வாக்கெழமைல இருந்து மத்தியானத்துல வண்டியக் காணோம்."

"மத்தியானத்துலயா?"

"நெதமும் ஒரு மணிக்கு வருவாருல்லங்க. எம்பட வாசல் வேம்புக்கடியில வண்டிய நிறுத்திப்போட்டு நடந்து போவாரு. ஊட்டுச் சோறு இல்லாமச் செரிக்காதாட்ட இருக்குதுன்னு நாங்ககூடக் கேலி பேசுவோம். ஞாயித்துக்கெழம நீங்க ரெண்டு பேருமே ஊட்டுல இருப்பீங்க, அன்னிக்கு வண்டி நிக்காது."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

அவர்தான். பிப்ரவரியில் பெட்டி மாட்டுவதற்கு எவ்வளவு காலம் முன்பிருந்தோ, அவர்தான். ஆயிரத்தைத் தொட்ட அந்தக் கோடெல்லாம் அவர் மூச்சு. நான் அதற்குச் சந்து தேடி மக்கு வைத்து அடைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 29, திங்கள்

லீவு போட்டேன். ஒரு மணிக்கு வடக்கு அறைக்குப் போனேன். மூச்சைப் பிடிக்கவில்லை.

மெத்தையில், சுவரோரம், ஆள் படுத்துப் படுத்துப் பள்ளம் விழுந்திருந்தது. உறை இல்லாத தலையணையின் ஒரு பக்கம் மட்டும் வியர்வைக் கறை. சட்டையின் முதுகில் உப்புப் பூத்தது இங்கேதான். நான் ஃபேன் ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தேன், உடனே நிறுத்திவிட்டேன்.

பிறகு ஆழமாக மூச்சு இழுத்தேன். மல்லிகை. சுவரில், திரையில், புத்தக அலமாரியில், மெத்தையில் முகத்தைப் புதைத்துப் பார்த்தாலும் மல்லிகை ஊதுபத்தி. அன்றைக்கு அவர் வந்து பத்து நிமிஷத்தில் எழுந்து போனது இதனால்தான். ஜன்னலைச் சாத்தியது எதனால், கதவை மூடியது எதனால் என்றும் இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அவர் ஒன்றரை வருஷமாக ஃபேன்கூடப் போடாமல் காத்து வைத்திருந்ததை நான் ஒரு காலை நேரத்தில் உறிஞ்சித் தெருவில் விட்டேன். மணிக்கு நாலு முறை. கைகொடுத்துக்கொண்டோம் அதற்கு.

போனில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

ஹேமச்சந்திரன் வந்தார். நல்ல பையன். சுவரைத் தட்டிப் பார்த்து, மாடி ஓட்டைத் தொட்டுப் பார்த்து, என் வீட்டை ரொம்பவே மெச்சினார். கடைசியில் வடக்கு அறைக்கு வந்தோம். நான் அச்செடுத்த கடிதத்தைக் கொடுக்கவில்லை.

"இந்த ஏத்தத்துக்குக் காரணம் கிடைச்சுதா மேடம்?"

"கிடைச்சுது. ஆள் இருந்தாங்க."

"ஃபேன் ஓடலையே. இந்த வெயில்ல?"

"ஃபேன் போடாம இருந்தாங்க."

அவர் என்னைப் பார்த்தார். சுவரில் பள்ளிக்கூட அட்டவணை ஒட்டியிருப்பதையும், அது எந்த வருஷத்து அட்டவணை என்பதையும் பார்த்தார்.

"அப்போ ரூம் யூஸ்ல இருக்குன்னு போட்டுக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"போட்டுக்கோங்க. தினமும் யூஸ்ல இருந்துச்சு."

கணக்குப்படி ஐந்து நட்சத்திரமும் வந்துவிடும் என்றார். வாசல் சுவரில் வரைந்திருந்த ஐந்து வட்டத்தையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வண்டியில் ஏறினார். எனக்கு அந்த நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மே 1, புதன்

பீரோவின் அடியிலிருந்து நீல மூடி டப்பாவை எடுத்துக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு காங்கேயம் பஸ் ஏறினேன். பஸ் முழுக்கக் கூட்டம். டப்பாவை மடியை விட்டு இறக்கவில்லை.

அவர் அக்கா கதவைத் திறந்து, "வா தெய்வானை" என்றார், வேறு எதுவும் கேட்கவில்லை. "பொறவடைல இருக்கறான்" என்று கொல்லைப் பக்கம் கை காட்டினார். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். எதிரே முக்காலியில் உட்கார்ந்தேன்.

"மத்தியானம் வந்துட்டு இருந்தது நீங்கதானே?"

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "ஆரு சொன்னா?"

"அந்த டப்பா சூடு மட்டும் பாக்கறதில்லீங்க. மூச்சையும் பாக்கும்."

கையிலிருந்த கடலைக்காயைக் கீழே போட்டார். பிறகு, தப்புச் செய்து பிடிபட்டவர் போல, "நான் ஃபேன்கூடப் போடலியே தெய்வா" என்றார். "யூனிட் ஏறுனா நீ கண்டுபுடிச்சிருவீன்னு வேர்த்து ஊத்துனாலும் போடலியே."

"என்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க?"

"எப்படிச் சொல்லோணும்? பேட்டரி மாத்தப் போறப்ப நீ மூச்சப் புடிச்சுட்டுப் போவே. வெளிய வந்துதான் விடுவே. நான் பாத்திருக்கறன். அந்த வாசம் உனக்குத் தாங்கலயாட்ட இருக்குதுன்னு நெனச்சன். அதனாலதான் ஊட்ட வித்துப்போடலாம்னு சொன்னன். விக்கற வரைக்கும் நான் போய்ட்டு வந்துக்கலாம்னு."

எனக்காக விற்கச் சொல்லியிருக்கிறார். நான் அதைத் தலைமுழுகுவது என்று திட்டியிருக்கிறேன்.

"என்ன வாசம் இருந்துச்சு?" என்று கேட்டேன். எனக்குத் தெரியாதா. ஆனால் அவர் வாயால் கேட்க வேண்டும் போல் இருந்தது.

"தேங்காண்ணெ. கலர் பென்சில் சீவுன வாசம். அப்புறம் அமுதினி வாசம்" என்றார். பெயரைச் சொல்லிவிட்டார். சொன்னதும் உதடு கோணிக்கொண்டு போயிற்று. "மொதல்ல ரூமு பூராம் இருந்துச்சு. அப்பறம் கொறஞ்சு கொறஞ்சு தலமாட்டுல மட்டும் நின்னுச்சு. மூஞ்சிய வெச்சுப் படுத்தா வரும். இப்ப இல்ல தெய்வா."

"நான்தானுங்க எடுத்துட்டேன்."

"உனக்குத் தெரியாதுல்ல" என்றார். திட்டியிருக்கலாம்.

பிறகு அவரே கேட்டார். "தலகாணி ஒறைய மட்டும் ரொம்ப நாளாத் தேடுனன். மஞ்சப்பூப் போட்டது. ஆஸ்பத்திரில இருந்து வந்து நான் ரூம மூடறதுக்குள்ள அது இல்ல. தொவச்சுட்டியா?"

கட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து அவர் மடியில் வைத்தேன். டப்பாவின் பக்கம் வழியாக மஞ்சள் பூ தெரிந்தது.

அன்றைக்கே நான் எடுத்துவிட்டேன். துவைக்கவில்லை. காற்றுப் புகாத டப்பா எது என்று எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் உள்ளே இருப்பதில் கொஞ்சம் வெளியே போகும், வெளியே போனது திரும்ப வராது. அந்தக் கணக்கை வைத்துத்தான் நான் பிழைப்பு நடத்துகிறேன். அதனால் மூடியை அழுத்திப் பார்ப்பதோடு சரி.

அவர் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தெறந்தாத் தீந்துருமே" என்றார்.

"தீரட்டுங்க."

மூடியின் ஒரு மூலையை மட்டும், விரல் நுழையும் அளவுக்குத் தூக்கினார். மூக்கை வைத்தார். அவர் தோள் இரண்டும் ஏறின, இறங்கவே இல்லை. மூடியை அழுத்தி மூடிய பிறகுதான் அழுதார். சத்தம் போட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும்படி அழுதார். அவர் அக்கா வாசற்படிவரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

அழுது முடித்ததும் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். "இப்ப நீ" என்றார்.

நானும் அதே மூலையைத் தூக்கி, மூக்கை வைத்து மூச்சை உள்ளே இழுத்தேன். வெளியே விட மனசு வரவில்லை.